பழைய பெஜோவுக்கு எந்தக் கிராங்க், எந்த பி.பி.?

சைக்கிளின் பி.பி., அதாவது மிதிகளின் ஆக்சில் சுழலும் பாட்டம் பிராக்கெட். அதன் குண்டுகளைத் தாங்கி ஃபிரேமில் மரையேறும் வலது கப்பின் முகத்தில் அரை நூற்றாண்டு அழுக்கு. பழைய பல் தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் கறுப்புக் கூழ் வழிந்தது, பிறகு துரு கரைந்தது, கடைசியில் மங்கிய எஃகு தலைகாட்டியது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது ஓரமாகச் சில சின்னஞ்சிறு எண்கள் தெரிந்தன: 35 × 1. எதை வாங்குவது என்று மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த குழப்பத்தில் பாதி அந்த நிமிடமே தீர்ந்தது. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி, 1970களின் நடுவில் பிரான்சில் செய்த பெஜோ பி.எக்ஸ்.10. ரேனால்ட்ஸ் 531 குழாய்கள், குழாய்களை இணைக்கும், கொடிபோல் வளைந்தோடும் நெர்வெக்ஸ் லக்குகள், மாஃபாக் பிரேக், சிம்ப்ளெக்ஸ் கியர், மிதிகளைத் தாங்கும் கைகளாகச் சேந்த் எத்தியேன் நகரத்து ஸ்ட்ராங்லைட் 93 கிராங்க். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1966இலும் 1967இலும் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்றது பெஜோ அணியில் இருந்தபோதுதான். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சட்டையின் மேல் இருந்த ஆசையால் வாங்கிய வண்டி இது. என்னுடன் தம்பிபோல் பழகும் நண்பர் ஒருவரும் இந்த வசந்தத்தில் இதே மாடலை வாங்கியிருக்கிறார். பாரிஸுக்குத் தென்மேற்கே ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கின் ஏற்றங்களில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மூச்சுமுட்டிய பிறகு என்னிடம் வந்தார். "அண்ணா, பேசாமல் புதிய கிராங்க் ஒன்று வாங்கிப் போட்டுவிடட்டுமா?"

அவருடைய முழங்கால் வலிக்குக் காரணம் தெளிவானது. பி.எக்ஸ்.10 அந்தக் காலத்தில் 52, 45 பற்கள் கொண்ட இரண்டு செயின்வீல்களோடு வந்தது. அது பந்தயக்காரர்களுக்கான அளவு. முன்னால் 45, பின்னால் 24 என்று வைத்து மிதித்தால், மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 3.9 மீட்டர் முன்னேறும். செங்குத்தான ஏற்றத்தில் நாற்பதைத் தாண்டிய முழங்கால்கள் அதைத் தாங்காது. அதனால் சிறிய செயின்வீல் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் கிராங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்குவதுதான் தவறு. கிராங்க் ஆக்சிலின் சதுர முனையில் உட்காருகிறது. ஆக்சில் கப்புக்குள் ஓடுகிறது. கப் ஃபிரேமின் மரையில் ஏறுகிறது. இந்த வரிசையில் கடைசியில் இருக்கும் மரை ஒன்றைத்தான் கடையில் வாங்க முடியாது. தேர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மரையைத் தெரிந்துகொள்வது

பழைய பந்தய வண்டிகளில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது ஆங்கில மரை. விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, கூட்டின் (கப்புகள் ஏறும் ஃபிரேம் குழாய்) அகலம் 68 மி.மீ. ஜப்பானிய வண்டிகளும் இதையே பின்பற்றின. இதில் வலது கப்புக்கு மட்டும் எதிர்மரை. வலஞ்சுழியாகத் திருப்பினால் கழலும், இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். காரணம் இல்லாமல் இப்படிச் செய்யவில்லை. மிதிக்க மிதிக்க உள்ளே உருளும் விசை வலது கப்பை இடஞ்சுழியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். எதிர்மரை இருந்தால் அந்தத் தள்ளல் கப்பை இறுக்கவே செய்யும்.

பிரெஞ்சு மரை 35 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. கூடு 68 தான். இரண்டு பக்கமும் சாதாரண வலமரை. அதனால் பிரெஞ்சு வண்டியின் வலது கப்பை அசுர பலத்தோடு இறுக்காவிட்டால் ஓடும்போதே தளர்ந்துவிடும். இத்தாலிய மரை 36 மி.மீ., அங்குலத்துக்கு 24, கூடு 70 மி.மீ.; அதற்கும் இரண்டு பக்கமும் வலமரை, அதே தொல்லை. சுவிஸ் மரை அளவில் பிரெஞ்சு மரையேதான், ஆனால் வலது கப் எதிர்மரை. 1970களின் இறுதியில் பெஜோவே சில வண்டிகளைச் சுவிஸ் மரையில் செய்தது. 1980களில் ஆங்கில மரைக்கு வந்து சேர்ந்தது. ஆகவே "பெஜோ என்றால் பிரெஞ்சு மரை" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கப்பின் முகத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலக் கப்பைப் பிரெஞ்சுக் கூட்டில் ஏற்ற முயன்றால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகமான ஃபிரேம்கள் சீரழிவது இங்கேதான். 1.37 அங்குலம் என்பது 34.8 மி.மீ. பிரெஞ்சு அளவான 35க்கு மிக அருகில். இடது பக்கம் இரண்டிலுமே வலமரை. அதனால் ஆங்கில இடது கப் பிரெஞ்சுக் கூட்டில் முதல் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும். "ஆகா, பொருந்திவிட்டது" என்று மனம் துள்ளும். ஆனால் ஆங்கில மரையின் இடைவெளி 1.058 மி.மீ. பத்து மரை ஏறுவதற்குள் இரண்டுக்கும் அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகல் வந்துவிடும். கப் மெல்ல இறுகும். கொஞ்சம் எண்ணெய் விட்டு நீளமான ஸ்பேனரால் திருப்பலாம் என்று தோன்றும். அந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் அரைச் சுற்று திருப்பினாலும் ஐம்பது ஆண்டுகள் தாங்கிய மரையைக் கப் அறுக்கத் தொடங்கிவிடும்.

ஆங்கில டேப்பால் மறுபடியும் மரை வெட்டிவிடலாமே என்றால், பிரெஞ்சு மரை ஏற்கெனவே சற்றுப் பெரியது. புதிய மரை பிடிக்க அங்கே உலோகம் மிச்சமில்லை. வலது பக்கம் சுற்றும் திசையும் வேறு. இந்த யோசனையை யார் சொன்னாலும் வண்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் அப்பா ஓட்டிய ராலே வண்டி இவை எதிலும் சேராது. அதன் மரை 1-3/8 அங்குலம், அங்குலத்துக்கு 26. கிராங்க் சதுர முனையில் உட்காராது, கோட்டர் பின் என்ற ஆப்பு அதைப் பிடித்து நிறுத்தும். நாட்டிங்காமில் செய்த பல ராலேக்களின் கூடு 76 மி.மீ. அகலம். அப்படி ஒரு வண்டி கையில் இருந்தால், பழைய கப்புகளைக் கழற்றாமல் வைத்துக்கொண்டு ஆக்சிலை மட்டும் மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். 26 மரைக் கப்பைத் தொலைத்துவிட்டால் மறுபடி தேடுவது பெரும்பாடு.

இனி பெஜோவின் நான்கு வழிகள்.

முதல் வழி: இருப்பதையே வைத்துக்கொள்வது

பிரெஞ்சுக் கப், பிரெஞ்சு ஆக்சில், ஸ்ட்ராங்லைட் 93 கிராங்க், எல்லாம் அப்படியே. பால்ரஸ் குண்டுகளை மட்டும் மாற்றுவது: பக்கத்துக்கு 11, கால் அங்குலக் குண்டு. பழைய கூண்டோடு போடுவதைவிட உதிரியாக 11 போடுவதையே நான் விரும்புகிறேன். சுமை அதிகக் குண்டுகளில் பரவும். செலவு ஒரு காப்பியும் ரொட்டியும் வாங்கும் காசு.

இந்த வழி சரிவருமா என்பதைக் கப்பின் உள்பக்கம்தான் சொல்லும். கிரீஸை முழுவதும் துடைத்துவிட்டு, குண்டு ஓடிய தடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையமாகத் தெரிந்தால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். பேனா முனையை அந்தத் தடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். எங்கேயாவது தடுக்கினால் அங்கே குழி விழுந்திருக்கிறது. ஆக்சிலிலும் அதே சோதனை. குழி விழுந்த கப்புக்குப் புதுக் குண்டு போடுவது வீண் வேலை.

வலது கப்பில் குழி இல்லை என்றால் அதைக் கழற்றவே வேண்டாம். ஃபிரேமில் இருந்தபடியே துடைத்துக் கிரீஸ் வையுங்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால், பெரிய போல்ட் ஒன்றைக் கப்பின் துளை வழியே விட்டு, இரு புறமும் வாஷர் வைத்து, நட்டால் கப்பைக் கவ்விக்கொண்டு திருப்பும் பழைய உத்தி இருக்கிறது. வழுக்கும் ஸ்பேனரைவிட அது எவ்வளவோ பத்திரம்.

இந்த வழியின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: கிராங்கைக் கழற்றும் புல்லர். இன்றைய புல்லர்களின் மரை 22 மி.மீ. டி.ஏ. நிறுவனத்தின் கிராங்குக்கு 23. அந்தக் காலத்து ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35. மூன்றாவது எண்ணைக் கடைக்காரர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. என் முதல் ஸ்ட்ராங்லைட் கிராங்கை ஒரு கடையில் கொடுத்தேன். 23 மி.மீ. புல்லரை மாட்டினார்கள். அது பிடித்ததுபோல் தோன்றியது. விசை ஏறியதும் அலுமினிய மரை முழுவதையும் சுருள் கம்பிபோல் உரித்துக்கொண்டு வெளியே வந்தது. அந்தச் சுருள் தரையில் கிடந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு இரண்டு தாடை கொண்ட இயந்திரப் புல்லர் ஒன்றால், கிராங்கின் தோளைப் பின்னாலிருந்து பற்றி, மெல்ல மெல்ல இழுத்துத்தான் எடுக்க முடிந்தது. கிராங்கின் போல்ட்டும் தனி அளவு: ஸ்ட்ராங்லைட்டுக்கு 16 மி.மீ. சாக்கெட், அதுவும் சுவர் மெல்லியதாக இருந்தால்தான் துளைக்குள் நுழையும். இந்த இரண்டு கருவியும் கைக்கு வரும்வரை ஸ்ட்ராங்லைட் கிராங்கைத் தொடாதீர்கள்.

ஏற்றத்துக்கு என்ன வழி? ஸ்ட்ராங்லைட் 93இன் ஐந்து போல்ட்டுகள் 122 மி.மீ. வட்டத்தில் அமைந்தவை. அந்த வட்டத்தில் உள்வட்டத்தை, அதாவது உள்பக்கச் சிறிய செயின்வீலை, 38 பல் வரை குறைக்கலாம். டி.ஏ. நிறுவனமும் 122 அளவில் செயின்வீல் செய்தது. தேடினால் கிடைக்கும். 45ஐ எடுத்துவிட்டு 38 போட்டால், பின்னால் அதே 24 பல்லோடு ஒரு சுற்றுக்கு 3.9 மீட்டர் என்பது 3.3 ஆகக் குறைகிறது. வெளிவட்டம் 52 ஆகவே இருந்தால் முன் கியர் மாற்றிக்கு 14 பல் இடைவெளியைக் கடப்பது பாரம். என் வண்டியில் வெளியே 50, உள்ளே 38 வைத்திருக்கிறேன்.

பெடலையும் மறக்க வேண்டாம். இந்தக் கிராங்குகளின் பெடல் துளை 14 மி.மீ., 1.25 மரை. மற்ற வண்டிகளுக்கு 9/16 அங்குலம், 20 மரை. 9/16 என்பது 14.29 மி.மீ., ஆகவே இன்றைய பெடல் இதில் ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் துளை கெடும். பிரெஞ்சுப் பெடலின் அச்சு நுனியில் வலதுக்கு 'டி', இடதுக்கு 'ஜி' என்று அந்த மொழியின் முதலெழுத்துகள் பொறித்திருக்கும். பழைய பெடல் உடைந்துவிட்டால், துளையை 9/16க்கு டேப் போட்டு விரிக்கலாம். பிரெஞ்சு அளவு சிறியது, மரை இடைவெளியும் ஏறக்குறைய ஒரே அளவு, ஆகவே இது சுத்தமாக வரும். ஃபிரேமில் கத்தி வைக்காதே என்று சொல்லும் நான் இதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன், கிராங்க் மாற்றக்கூடிய பொருள் என்பதால்.

இரண்டாவது வழி: கிராங்க் பழையது, பி.பி. புதியது

கப்பிலோ ஆக்சிலிலோ குழி விழுந்துவிட்டால் பிரெஞ்சுக் கப் தேடி அலைவதைவிட, பிரெஞ்சு மரையிலேயே வரும் மூடிய கார்ட்ரிட்ஜ் நல்லது. அமெரிக்காவின் ஃபில் வுட் நிறுவனத்தின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. அதில் பேரிங்கும் ஆக்சிலும் ஒரே உருளை. அதை ஃபிரேமில் பிடித்து நிறுத்துவது இரண்டு தனி மரை வளையங்கள். வளையங்களை ஆங்கிலம், இத்தாலி, பிரெஞ்சு, சுவிஸ் என்று எந்த மரையிலும் வாங்கலாம். இரண்டு வளையங்களையும் சற்று இடமோ வலமோ நகர்த்தினால் கிராங்க் முழுவதும் ஒரு சில மில்லிமீட்டர் நகரும். சங்கிலிக் கோட்டை, அதாவது சங்கிலி வண்டியின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதை, சரிசெய்ய இதைவிட நேர்த்தியான வழி இல்லை. விலைதான் கடி. வெலோ ஆரஞ்ச் நிறுவனமும் பிரெஞ்சு மரையில் கார்ட்ரிட்ஜ் விற்றிருக்கிறது. அது விலை குறைவு, நகர்த்தும் வசதி கிடையாது.

எங்கும் எளிதாகக் கிடைக்கும் ஷிமானோ கார்ட்ரிட்ஜ்கள் ஆங்கில, இத்தாலிய மரைகளில்தான் வருகின்றன. விலை பார்த்து மயங்கி அதை வாங்கிவிடாதீர்கள்.

இந்த வழியின் முடிச்சு ஆக்சிலின் சதுர முனை. சதுர முனைகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், 2 பாகை சரிவும் ஒன்றே. ஆனால் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய முனை சற்றுத் தடிமன், ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர முனை சற்று மெல்லியது. ஐ.எஸ்.ஓ. கிராங்கை ஜே.ஐ.எஸ். ஆக்சிலில் போட்டால் ஏறக்குறைய 4.5 மி.மீ. வெளியே நின்றுவிடும். ஜே.ஐ.எஸ். கிராங்கை ஐ.எஸ்.ஓ. ஆக்சிலில் போட்டால் அதே அளவு உள்ளே போய்விடும். ஐம்பது ஆண்டுகளாக இறுக்கிக் கழற்றிய பழைய கிராங்கின் துளை இரண்டில் எதற்கும் அச்சாகப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். பட்டியலை நம்பாமல் கையால் போட்டுப் பாருங்கள். போல்ட் இல்லாமல் கையால் அழுத்தி உட்காரவைத்து, எவ்வளவு தூரம் ஏறியது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு போல்ட்டை 35 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். ஆக்சிலின் நுனி, போல்ட்டின் தலை வந்து அமரும் தளத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். நுனியும் தளமும் சமமாகிவிட்டால் போல்ட் ஆக்சிலைத்தான் அழுத்துகிறது, கிராங்கை அல்ல. சில நாட்களில் கிராங்க் ஆடத் தொடங்கி, துளை வட்டமாகி, இரண்டும் வீணாகும்.

கிராங்கைக் கையில் எடுத்திருக்கும்போதே விரிசல் தேடுங்கள். பெடல் துளையைச் சுற்றி, சதுரத் துளையின் மூலைகளில், கைகள் பிரியும் கவட்டில். காம்பஞோலோவின் புகழ்பெற்ற பழைய ரெக்கார்ட் கிராங்குகள்கூட அந்தக் கவட்டில்தான் பிளக்கின்றன. நகத்தால் வருடினால் கண்ணுக்குத் தெரியாத கீறலும் தட்டுப்படும். சந்தேகம் இருந்தால் அந்தக் கிராங்கைச் சுவரில் மாட்டிவையுங்கள், மிதிக்காதீர்கள்.

மூன்றாவது வழி: இரண்டுமே புதியது

தம்பி முதலில் கேட்டது இதைத்தான். 110 மி.மீ. போல்ட் வட்டம் கொண்ட சுகினோ போன்ற ஜப்பானியக் கிராங்க், அதற்கு ஜே.ஐ.எஸ். முனையுள்ள, பிரெஞ்சு மரையில் வரும் கார்ட்ரிட்ஜ். நன்மைகள் உண்மையானவை. உள்வட்டம் 34 பல் வரை இறங்கும். 24 பல்லோடு ஒரு சுற்றுக்கு 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. புல்லர் 22 மி.மீ., எந்தக் கடையிலும் இருக்கும். பெடல் 9/16, எதையும் மாட்டலாம். உதிரிச் செயின்வீல் இன்னும் இருபது ஆண்டுக்குக் கிடைக்கும். பளபளப்பாக மெருகேற்றிய வெள்ளி நிறக் கிராங்கைத் தேர்ந்தால் பழைய ஃபிரேமுக்கு முகம் கெடாது. தடித்த கறுப்புக் கிராங்க் மட்டும் வேண்டாம்; பி.எக்ஸ்.10இன் மெல்லிய குழாய்களுக்கு நடுவே அது உறுத்தும்.

ஆக்சில் நீளத்தை இங்கே நீங்களே கணக்கிட வேண்டும், அதற்குத் தேவை ஓர் அளவுகோல் மட்டுமே. முதலில் பின்பக்கம். என் வண்டியில் பின் கவையின் உள் அகலம் 120 மி.மீ., பாதி 60. கவையின் உள்முகத்திலிருந்து ஐந்து பல்சக்கரங்களில் நடுவில் உள்ளதுவரை 18 மி.மீ. ஆக, பின் சங்கிலிக் கோடு 42. அடுத்து முன்பக்கம். பி.எக்ஸ்.10இன் இருக்கைக் குழாய் மெட்ரிக் அளவு, 28 மி.மீ.; பாதி 14. குழாயின் பக்கத்திலிருந்து இரண்டு செயின்வீல்களின் நடு இடைவெளிவரை அளந்து, அதோடு 14ஐக் கூட்டினால் முன் சங்கிலிக் கோடு. எனக்கு 29.5 வந்தது, கூட்டினால் 43.5. இரண்டுக்கும் ஒன்றரை மி.மீ. வித்தியாசம். இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை.

புதிய கிராங்கை 113 மி.மீ. ஆக்சிலில் போட்டு 45 வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. உள்ளே தள்ள வேண்டும். கார்ட்ரிட்ஜின் ஆக்சில் இரு புறமும் சமமாக நீண்டிருப்பதால் நீளத்தில் அதைப்போல் இரு மடங்கு, அதாவது 3 மி.மீ., குறைக்க வேண்டும். எனவே 110. ஆனால் வாங்குவதற்கு முன் உள் செயின்வீலுக்கும் பின் கவைக் குழாய்க்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிதியில் எழுந்து நின்று அழுத்தும்போது ஃபிரேம் சற்று வளையும். இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி இல்லாவிட்டால் பெயின்ட்டில் பல்லின் தடம் விழும்.

நான்காவது வழி: மரை செத்துப்போன ஃபிரேமுக்கு

யாரோ முன்பே ஆங்கிலக் கப்பை முறுக்கி மரையைக் கெடுத்துவிட்ட ஃபிரேம் கையில் வந்தால், மரையே தேவைப்படாத கார்ட்ரிட்ஜ்கள் உண்டு. வெலோ ஆரஞ்ச் விற்கும் வகையில் இரு பக்கத் துண்டுகளும் கூட்டுக்குள் ஒன்றையொன்று இழுத்து, விரிந்து, சுவரைப் பற்றிக்கொள்ளும். மாவிக் நிறுவனத்தின் பழைய 610 வகையும் மரையை நம்புவதில்லை. ஆனால் அதற்குக் கூட்டின் விளிம்பை 45 பாகையில் சரித்துச் சீவ வேண்டும். சீவிய உலோகம் திரும்பி வராது. பிரெஞ்சுக் கூட்டை இத்தாலிய 36 மி.மீ. மரைக்கு விரிப்பதும் நடக்கக்கூடியதே. தேர்ந்த கையும் நல்ல டேப்பும் இருந்தால் சுத்தமாகவே வரும்.

நல்ல மரை உள்ள ஃபிரேமில் இந்த வேலைகளைச் செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். விரியும் கார்ட்ரிட்ஜ் ஒன்றுதான் ஃபிரேமை வெட்டாதது. அதையும் மரை கெட்ட வண்டிக்கே வைத்துக்கொள்ளலாம்.

பழைய காம்பஞோலோ கிராங்க் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதன் போல்ட் வட்டம் 144 மி.மீ. உள்வட்டம் 41க்குக் கீழே இறங்காது. ஸ்ட்ராங்லைட்டின் 38ஐ விட்டுவிட்டு, அதிக விலை கொடுத்து 41க்குப் போவதில் ஏற்றம் ஏறுபவருக்கு எந்தப் பயனும் இல்லை.

தம்பிக்குச் சொன்னது

என் வண்டிக்கு முதல் வழி. கப் இரண்டும் சுத்தம், ஆக்சில் சுத்தம், 22 புதிய குண்டுகள், ஒரு 38 பல் செயின்வீல், 23.35 புல்லர். பெரும்பகுதிக் காசு புல்லருக்குத்தான் போனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை.

தம்பியின் வண்டியைச் சனிக்கிழமை என் வீட்டு முற்றத்தில் பிரித்தோம். வலது கப்பில் அதே 35 × 1. உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் இருந்தது. இடது கப்பில் பேனா முனை ஓரிடத்தில் தடுக்கியது, ஆக்சிலில் இரண்டு இடத்தில். கிராங்கின் புல்லர் மரை மட்டும் புதிதுபோல் மின்னியது. இதுவரை யாரும் தவறான கருவியை நுழைக்கவில்லை. அந்தக் கிராங்கைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இரண்டாவது வழி: பிரெஞ்சு மரைக் கார்ட்ரிட்ஜ், அவருடைய ஸ்ட்ராங்லைட் கிராங்க், 38 பல் உள்வட்டம். கழற்றிய கப்புகளையும் ஆக்சிலையும் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, வண்டியின் பெயரை எழுதி ஒரு டப்பாவில் போட்டோம்.

அதற்கும் முன்னால் 28 பல் வரை உள்ள ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி) ஒன்றை வாங்கச் சொன்னேன். 38க்கு 28 என்றால் ஒரு சுற்றுக்கு 2.85 மீட்டர், 34 பல் கிராங்க் 24 பல்லோடு கொடுப்பதைவிடவும் இலேசு. பின் கியர் மாற்றி 28ஐத் தாங்குமா, மீதமாகும் சங்கிலியை இழுத்துப் பிடிக்குமா என்று ஸ்டாண்டில் வைத்து ஓட்டிப் பார்த்தோம், தாங்கியது. முழங்கால் அப்போதும் முரண்டு பிடித்தால் மூன்றாவது வழி எப்போதும் திறந்திருக்கிறது.

பிரெஞ்சு ஹப்பில் ஃப்ரீவீலின் மரையும் வேறு: ஆங்கில 1.37 × 24க்குப் பதிலாக 34.7 மி.மீ., 1 மரை. அதே கண்ணி, வண்டியின் மறுகோடியில். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் பின்சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் பல் தூரிகையால் ஹப்பின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.